கடைசியில் வருபவன்

ஆண்டுக்கு ஒரு முறை பட்டறையில் களையெடுப்பு நடக்கும். பெயர் போட்ட பீங்கான் கப் செய்கிற பட்டறை அது. கடைகளில் சுற்றும் ஸ்டாண்டு ஒன்று இருக்குமே, தட்டிவிட்டால் கிறீச்சென்று சுழன்று நம் பெயரைத் தவிர ஊரில் உள்ள எல்லார் பெயரையும் காட்டுமே, அதில் தொங்கும் கப்கள் இங்கேதான் பிறக்கின்றன. ஸ்டாண்டில் இடம் இவ்வளவுதான் என்று உண்டு. புதிதாக ஒரு பெயர் ஏற வேண்டுமென்றால் பழையது ஒன்று இறங்கியாக வேண்டும். எது போணியாகவில்லையோ அது இறங்கும். இதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

கிடையாது என்று பெயரே ஒழிய, ஒரே ஒரு பெயருக்கு மட்டும் இருந்தது. ஒவ்வொரு களையெடுப்பிலும் அது விற்காதவற்றின் வரிசையில் வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் அப்பா எட்டிப் பார்த்து, "அது என் பையன் பேரு. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவார். இந்த ஆண்டு அப்பா பட்டறைப் பக்கம் வரவில்லை. பையன் போய் ஆறு மாதமாகிறது. முடிவு அக்காவின் தலையில் விழுந்தது.

அக்கா என்றால் அந்தப் பையனுக்கு அக்கா. அவன் 'அக்கா அக்கா' என்று பட்டறை முழுக்க அவள் பின்னாலேயே சுற்றியதில், அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அப்படியே அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். அவள் சலித்துக்கொண்டு, பிறகு விட்டுவிட்டாள்.

அன்று காலை அவள் செருப்பை மாட்டும்போது அம்மா சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள்.

"இன்னிக்குத்தானே எடுப்பீங்க?"

"ஆமா."

"அதை எடுத்துடாதே. எங்கயாவது ஒரு கடையில அவன் பேரு தொங்கிட்டு இருக்கட்டும்."

சத்தத்தைக் குறைத்து வைத்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா, திரும்பிப் பார்க்காமலே, "அவ இஷ்டத்துக்கு விடு" என்றார்.

"பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை; எடுத்துவிடுவது என்று முன்பே முடிவு செய்திருந்தாள். கோபத்தால் அல்ல, துக்கத்தாலும் அல்ல. அந்தப் பெயரைப் பார்த்தால் அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. தம்பி செத்து இத்தனை நாளாகியும் தான் ஒரு சொட்டுக்கூட அழவில்லை என்பது வெட்கமாகவும் இருந்தது. பட்டறையிலும் நாளுக்கு நாலு தடவை அந்தப் பெயர் கண்ணில் பட, நாலு தடவையும் தான் கல்லாக நிற்பதை எதற்கு நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

ஒவ்வொரு கப்புக்குள்ளும் ஒரு சின்ன அட்டை இருக்கும். பிறப்பு, பொருள், புழக்கம் என்று மூன்று வரி. பெயர் எங்கே பிறந்தது, அதற்கு என்ன அர்த்தம், எத்தனை பேர் அதை வைத்துக்கொள்கிறார்கள். அக்காதான் எழுதுவாள். முன்பு அப்பா எழுதினார். புழக்கம் என்ற இடத்தில் அப்பாவிடம் இரண்டே வாசகங்கள்தான் இருந்தன. ஒன்று, 'பலரும் விரும்புவது'. இன்னொன்று, 'அரியது, ஆகவே அருமையானது'. விற்கிறது, விற்கவில்லை என்பதற்கு அப்பாவின் வியாபாரத் தமிழ் அது.

தம்பியின் பெயர் ஸ்டாண்டில் ஏறிய நாளிலிருந்தே அரியது, ஆகவே அருமையானது.

அந்தப் பெயருக்கும் ஒரு காலம் இருந்தது. ஆற்றில் படகு தள்ளியவர்கள் வைத்த பெயர். 'எல்லாரையும் கரையேற்றிவிட்டுக் கடைசியில் வருபவன்' என்று அர்த்தம். ஒரு தலைமுறையில் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்களாம். கூப்பிட்டால் நாலு வாசலிலும் தலை தெரியுமாம். பிறகு பாலம் வந்தது, படகு போயிற்று, பெயர் மட்டும் கொஞ்ச காலம் காரணமில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தது. அப்புறம் அதுவும் கிழவர்களோடு தங்கிவிட்டது. பெயர்களும் நரைக்கும். இந்தத் தொழிலில் அக்கா அதை நிறையப் பார்த்திருக்கிறாள்.

நரைத்துப்போன அந்தப் பெயரைத்தான் அம்மா பிடித்தாள். அப்பா சொன்ன நாகரிகப் பெயர்களையெல்லாம், "ஊதினாப் பறந்துடும் போலிருக்கு" என்று தள்ளிவிட்டாள். பெயர் என்றால் கனமாக இருக்க வேண்டுமாம். அப்பா தோற்றார். ஆனால் தோற்றவர் சும்மா இருக்கவில்லை. பையன் பிறந்த சந்தோஷத்தில் அந்தப் பெயரை ஸ்டாண்டில் ஏற்றிவிடுவது என்று கிளம்பிவிட்டார்.

அப்போதெல்லாம் பெயரையும் அர்த்தத்தையும் ஒட்டுத்தாளில் அச்சடித்து, கப்பில் ஒட்டி, சூளையில் வைத்துச் சுட வேண்டும். ஒரு பெயருக்கு ஒரு அச்சு. ஐந்தாறு செய்தால் கையைக் கடிக்கும். செய்தால் பெட்டி பெட்டியாகத்தான் செய்ய வேண்டும். அப்பா ராத்திரி பகலாகத் தனியாக உட்கார்ந்து அச்சு வெட்டினார். கைப்பிடிக்கும் பூப்படத்துக்கும் நடுவில் அர்த்தத்துக்கென்று விட்ட இடத்தில் முழு வரி அடங்கவில்லை. யாரையும் கேட்காமல் முதல் பாதியை வெட்டிவிட்டார்.

சூளையிலிருந்து வெளியே வந்த கப்களில் பெயருக்குக் கீழே அழகான எழுத்தில் 'கடைசியில் வருபவன்' என்று இருந்தது.

எந்தத் தாய் தன் பிள்ளைக்குக் கடைசியில் வருபவன் என்று எழுதிய கப்பை வாங்குவாள்? ஒன்றுகூடப் போணியாகவில்லை. கடைக்காரர்கள் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார்கள். சுட்டது சுட்டதுதான், அழிக்க முடியாது. அத்தனை பெட்டியும் வீட்டுக்கு வந்தது. பட்டறைக்குக் கொஞ்சம், உறவுக்குக் கொஞ்சம் என்று தலையில் கட்டியது போக, மீதியில்தான் அந்தக் குடும்பம் அன்றிலிருந்து இன்றுவரை டீ குடிக்கிறது. அவர்கள் வீட்டில் அவனுடைய கப் என்று தனியாக ஒன்று கிடையாது. எல்லாமே அவன் பெயர் போட்டதுதான்.

அந்த அடிக்குப் பிறகு அப்பா பட்டறையில் ஒரு விதி வைத்தார். அச்சு எதுவானாலும் தனியாகச் செய்யக் கூடாது. ஒருவர் பெயரையும் பொருளையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். 'சொல்லிப் போடு' என்பார்கள். சூளை போய் மெஷின் வந்த பிறகும், கையால் வெட்டும் அச்சு போய் கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்த விதி மட்டும் மாறவில்லை.

இவ்வளவு பாடுபட்டு வைத்த பெயரை வீட்டில் யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பதுதான் வேடிக்கை. தொட்டிலில் கிடக்கிற குழந்தையை அந்தப் பெயரால் கூப்பிட்டால், அறையில் யாரோ பென்ஷன் வாங்குகிறவர் நுழைந்தது போலிருந்தது. அக்காதான் முதலில், "பெரியவர் முழிச்சிட்டாரு" என்றாள். ஒட்டிக்கொண்டது. வீட்டில் பெரியவர், தெருவில் பெரியவர், பட்டறையில் அவன் பெயர் போட்ட கப்கூடப் 'பெரியவர் கப்'. டாக்டர் வீட்டில் அவன் முறை வந்ததும் உள்ளே இருக்கும் பெண் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, கைத்தடியோடு யாராவது எழுந்திருப்பார்கள் என்று பார்ப்பாள். அரைக்கால் சட்டை போட்ட பெரியவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போவார்.

வளர்ந்த பிறகு அவனே அதை வைத்து விளையாடினான். சாப்பிட எல்லாரும் உட்கார்ந்தபின் கடைசியில் வருவான். ஏன்டா லேட்டு என்றால் கப்பைத் தூக்கிக் காட்டுவான். வேலைக்குப் போன இடத்தில் கேலி செய்கிறார்கள் என்று ஒரு நாள் சொன்னபோது, பேரை மாற்றிக்கொள்ளேன், இப்போதெல்லாம் சுலபம் என்றாள் அக்கா.

"எதுக்குக்கா? கொஞ்ச நாள் பொறு. எனக்கு அறுபது ஆகட்டும், அப்புறம் பாரு, இந்தப் பேரு எனக்கு எப்படி ஜம்முனு பொருந்துதுன்னு."

அவனுக்கு அறுபது ஆகவில்லை. இருபத்தாறு வயதில், ஒரு காலை நேரத்தில், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன்மேல் ஒரு லாரி திரும்பியது. அவ்வளவுதான் விஷயம். அதற்குமேல் சொல்லவும் அதில் ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் உடலைக் கொடுக்கிற ஆள் கதவைத் திறந்து, தாளைப் பார்த்துப் பெயரைப் படித்தார். "பெரியவரோட பிள்ளைங்க யாராவது வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. அக்கா கையைத் தூக்கினாள். "நான் அக்கா" என்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார், தாளைப் பார்த்தார், வயது எழுதிய இடத்துக்கு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அவர் என்ன செய்வார். அவர் காட்டிய இடத்திலெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மறக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு டீ கொடுக்க வேண்டுமே. வீட்டில் வேறு கப் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் செத்தவன் பெயரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டு வாத்தியார் கப்பைத் திருப்பிப் படித்தார். "கடைசியில் வருபவன்... முன்னாடி போயிட்டானே, பார்த்தீங்களா" என்றார். சொன்ன பிறகு, நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று அவர் முகத்தில் லேசாக ஒரு திருப்தி தெரிந்தது. அம்மா ஓவென்று அழுதாள். அக்கா அவரிடம், "இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா?" என்று கேட்டாள். அன்று எல்லாக் கப்களையும் கழுவிக் கவிழ்த்தவள் அவள்தான். கல்லு மாதிரி நிக்கிறா பாரு என்று உறவுக்காரி ஒருத்தி சொன்னது கூடத்திலிருந்து கேட்டது. அவள் சொன்னது தப்பில்லை என்றுதான் அக்காவுக்கும் தோன்றியது.

அழுகை வரும், தானாக வரும் என்றார்கள். வராத பஸ்ஸுக்கு நிற்பது போல அவளும் ஆறு மாதம் நின்று பார்த்தாள்.

களையெடுப்பு எப்போதும்போல நடந்தது. போகாத கப்களைக் கடைகள் முந்தின வாரமே திருப்பி அனுப்பியிருந்தன. அவற்றைப் பெயர் வாரியாக மேஜையில் பரப்பியிருந்தார் பிரஸ் அண்ணன். கப்பைச் சுற்றித் தாளை ஒட்டி, சூடான மெஷினுக்குள் வைத்து அமுக்குகிறவர் அவர். அப்பா காலத்து ஆள். அக்கா ஒவ்வொரு பெயராகப் பார்த்துச் சொன்னாள், "இருக்கட்டும்", "எடுங்க", "எடுங்க". எடுத்த கப்கள் மூலையில் இருக்கும் இரும்புப் பீப்பாய்க்குப் போகும். அச்சானதை மறுபடி வெள்ளையாக்க முடியாது. உடைத்துப் பள்ளம் நிரப்பக் கொடுத்துவிடுவார்கள்.

பெரியவர் கப் வந்தது. அப்பா பின்னாளில் 'கரைசேர்ப்பவன்' என்று திருத்தி அடித்த வகை. அதுவும் எப்போதாவது ஒன்று போவதோடு சரி.

"எடுங்க" என்றாள் அக்கா.

பிரஸ் அண்ணன் நகரவில்லை. "அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமேம்மா."

"என் இஷ்டம்னு சொல்லிட்டாரு."

"எனக்குக் கை வராதும்மா."

"சரி, கொடுங்க."

அவளே எடுத்துக்கொண்டு போய்ப் பீப்பாயில் போட்டாள். ஒவ்வொன்றாகத்தான் போட்டாள்; மொத்தமாகப் போட்டால் சில உடையாமல் தங்கிவிடும். சத்தம் பெரிதாகத்தான் இருந்தது. பிரஸ் அண்ணன் வெளியே போய் நின்றுகொண்டார். அப்புறம் அவள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்தப் பெயரின் அச்சையும் அழித்தாள். நிச்சயமாக அழிக்கவா என்று அது கேட்டது. ஆமாம் என்றாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்த பெயரைப் பார்த்தாள்.

சாயங்கால டீ வந்த நேரத்தில் ஒருவர் வாசலில் வந்து நின்றார். சலவைச் சட்டை, பையில் மூக்குக் கண்ணாடி, காலில் பளபளவென்று துடைத்த செருப்பு. மெதுவாகப் படியேறினார்.

"மூடிட்டீங்களோன்னு நினைச்சேன். நான் எங்கயும் நேரத்துக்குப் போனதா சரித்திரமே இல்லை."

"இல்லை, வாங்க. என்ன வேணும்?"

"கப்புதாம்மா. பஸ் நிக்கிற இடத்துல இருக்கிற கடையிலதான் வாங்குவேன். நானும் உடைச்சிட்டே இருப்பேன், வாங்கிட்டே இருப்பேன். இன்னிக்குப் போனா கொக்கி காலியா இருக்கு. அந்தப் பேரு இனிமே வராது போல, பட்டறையிலயே போய்க் கேளுங்கன்னு அனுப்பிட்டான்."

"என்ன பேரு?"

அவர் தன் பெயரைச் சொன்னார்.

அவசரமில்லாமல், ஒரு எழுத்தையும் விழுங்காமல் சொன்னார். அந்தப் பெயரை ஒரு மனிதர் தன்னுடையது என்று இவ்வளவு சாதாரணமாகச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அதில் கேலி இல்லை, கூச்சம் இல்லை. அவருடைய நரைத்த மீசைக்கும், கொஞ்சம் முன்னால் வளைந்த தோளுக்கும், அந்தக் கனமான பெயருக்கும் இடையில் ஒரு நூல் போகக்கூட இடமில்லை. அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இல்லையாம்மா?"

"காலையிலதான்..." என்று தொடங்கி நிறுத்தினாள். பீப்பாய் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. "இப்ப கைவசம் இல்லை."

அவர் முகம் கொஞ்சம் வாடியது. வாடிய கண் மேஜைக்குப் போனது. அங்கே அவளுடைய டீக் கப் இருந்தது.

"அது என்ன, என் பேருதானே?"

அவள் டீயைக் கொட்டிவிட்டு, கப்பைக் கழுவித் துடைத்து அவரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படித்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார்.

"கடைசியில் வருபவன். நாப்பது வருஷமா என் வீட்டுக்காரி இதைத்தாம்மா சொல்லிட்டு இருக்கா. எழுத்துல கொண்டு போய்க் காட்டினா அவளைக் கையில பிடிக்க முடியாது. இது என்ன விலை?"

"விக்கிறதில்லை. எங்க வீட்டுக் கப்பு."

"அப்ப வேணாம்மா. வீட்டுச் சாமானை எடுத்துட்டுப் போகக் கூடாது."

"எடுத்துக்கோங்க. வீட்ல நிறைய இருக்கு. அடுத்த வாரம் வாங்க, புதுசா ஒண்ணு போட்டு வைக்கிறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது.

அவர் கப்பைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே, "வீட்ல யாருக்கும்மா இந்தப் பேரு? தாத்தாவுக்கா?" என்றார்.

"தம்பிக்கு."

"தம்பிக்கா? அட. என்ன வயசு?"

"இருபத்தாறு."

"அய்யோ பாவம்" என்றார் அவர், நிஜமான பரிவோடு. "இந்த வயசுல இந்தப் பேரை வெச்சிக்கிட்டுத் திரியறது கஷ்டந்தான். என்னை அப்பவே தாத்தான்னுதான் கூப்பிட்டானுங்க. போற இடத்துல எல்லாம் சிரிப்பானுங்க. ஆனா மாத்திட வேணாம்னு சொல்லுங்க. கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க. அறுபது தாண்டட்டும், தானா பொருந்திடும்."

"சொல்றேன்" என்றாள் அக்கா.

அவர் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். கைக்குட்டைப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, பின்னால் வந்த வண்டிகளுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டு, மெதுவாகத் தெருமுனைக்குப் போனார். அவர் முனை திரும்புகிறவரைக்கும் அவள் வாசலில் நின்றாள். அறுபது வயதில் தம்பியும் இப்படித்தான் நடந்திருப்பான் என்று தோன்றியது. ஆறு மாதத்தில் அவனைப் பற்றி அவளுக்குத் தோன்றிய முதல் விஷயம் அது.

உள்ளே வந்து பிரஸ் அண்ணன் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணே, அதை மறுபடி ஏத்தணும்."

எதை என்று அவர் கேட்கவில்லை. மெஷினை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். அச்சை அவள் காலையில் அழித்துவிட்டிருந்தாள்; முதலிலிருந்து அடிக்க வேண்டும். அவர் இரண்டு விரல்களையும் எழுத்துகளின்மேல் தயாராக வைத்துக்கொண்டார்.

"சொல்லும்மா."

அவள் வாயைத் திறந்தாள். வரவில்லை. பெரியவர் என்றுதான் நாக்கில் வந்தது. அவன் பிறந்த நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் எழுதியிருக்கிறாள், கழுவியிருக்கிறாள், இன்று காலை உடைத்துக்கூட இருக்கிறாள். ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொன்னதில்லை. அழுகை அப்போதுதான் வந்தது, அசிங்கமாக, மூக்கும் வாயுமாக. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். பிரஸ் அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. விரல்களை எடுக்கவும் இல்லை. அவள் சொல்லட்டும் என்று திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் அவள் தம்பியின் பெயரைச் சொன்னாள். அண்ணன் வழக்கம்போல அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு அடித்தார்.